திரும்பிப் போன மனிதர்

கென்னடிகள்: அத்தியாயம் 31

மாலை மணி 7.40. வாஷிங்டனில் செனட் சபை வாக்குகளை எண்ணி முடித்துவிட்டது. ஆதரவு 73. எதிர்ப்பு 27. சிவில் உரிமைச் சட்டம் நிறைவேறியது.

சென்ற வாரம் இந்த இடத்தில் நிறுத்தியிருந்தோம். 1964 ஜூன் 19, வெள்ளிக்கிழமை. தேதியைக் கவனியுங்கள். சரியாக ஓராண்டுக்கு முன், 1963 ஜூன் 19 அன்றுதான் இந்த மசோதாவை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிவைத்தார் அதிபர் ஜான் கென்னடி. ஓட்டலில் நிறம் பார்த்து வெளியே தள்ளாதே, வேலை கொடுக்கும்போது நிறம் பார்க்காதே என்று சொல்கிற சட்டம். அது வாக்கெடுப்புக்கே வந்துவிடக் கூடாது என்று தென் மாநில உறுப்பினர்கள் வாரக்கணக்கில் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு மசோதாவைப் பேசியே சாகடிப்பது அந்தச் சபையில் அனுமதிக்கப்பட்ட ஆயுதம். அந்தப் பேச்சை நிறுத்துவதற்கென்று ஜூன் 10 அன்று தனியாக ஒரு வாக்கெடுப்பு நடந்தது. மூளைக்கட்டியால் பேச்சிழந்திருந்த கலிஃபோர்னியா உறுப்பினர் கிளேர் எங்கிளை அதற்காகச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். சைகையால் ஆதரவைச் சொல்லிவிட்டுப் போனவர், அடுத்த மாதம் இறந்துபோனார்.

மசோதாவை அனுப்பியவர் ஆர்லிங்டன் மண்ணுக்குள் போய் ஏழு மாதம் ஆகிறது. ஆதரவாக வாக்களித்தவர்களில் அவருடைய கடைசித் தம்பியும் ஒருவர். எட்வர்ட் கென்னடி. வீட்டுக்கும் நாட்டுக்கும் டெட். வயது 32.

சரித்திரம் படைத்த சபையில் கைகுலுக்கிக்கொண்டு நிற்க டெட்டுக்கு நேரமில்லை. மாசசூசெட்ஸ் மாநிலம் வெஸ்ட் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜனநாயகக் கட்சியின் மாநில மாநாடு. நவம்பர் தேர்தலுக்கு அவரைத்தான் வேட்பாளராக அறிவிக்கப்போகிறார்கள். நாயகன் இல்லாமல் மண்டபம் காத்திருக்கிறது.

அவர் அப்போது உட்கார்ந்திருந்த நாற்காலியின் கதை கொஞ்சம் சுவாரஸ்யமானது. ஜான் 1960இல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் அவருடைய செனட் இடம் காலியானது. தம்பிக்குக் கொடுக்கலாம் என்றால், அவருக்கு அப்போது 28 வயதுதான். சட்டப்படி 30 ஆக வேண்டும். என்ன செய்தார்கள்? ஜானின் ஹார்வர்ட் அறைத்தோழர் பெஞ்சமின் ஸ்மித்தை அந்த இடத்தில் நியமித்தார்கள். நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதேதான். 1962இல் துண்டை எடுத்துக்கொண்டார்கள். இடைத்தேர்தலில் டெட் ஜெயித்தார். ஆனால் அது அண்ணன் விட்டுப்போன மிச்சப் பதவிக்காலம். தன் பெயரில் முழுதாக ஆறு ஆண்டுகள் வேண்டுமென்றால் 1964இல் மறுபடி நிற்க வேண்டும்.

அதனால்தான் அந்த இரவு அவருக்கு முக்கியம். அதனால்தான் அந்த அவசரம்.

வாடகைக்காரில் ஏறுவதுபோல் விமானம் ஏறுவது அந்தக் குடும்பத்தில் புதிதல்ல. காத்திருந்தது ஏரோ கமாண்டர் 680 என்ற சிறிய தனியார் விமானம். இரண்டு எஞ்சின்கள், உடலுக்கு மேலே இறக்கை. அந்தக் காலத்தில் நல்ல பெயர் வாங்கிய விமானக் குடும்பம்தான் அது. அதிபர் ஐசனோவர்கூடத் தன் பண்ணைக்குப் போய்வர அதே நிறுவனத்தின் விமானம் ஒன்றைப் பயன்படுத்தியிருக்கிறார்.

உள்ளே ஐந்து பேர். முன்னால் விமானி எட்வின் ஜிம்னி. அவருக்குப் பக்கத்து இருக்கையில் டெட்டின் உதவியாளரும் நண்பருமான எட்வர்ட் மாஸ். அவர்கள் முதுகுக்குப் பின்னால், வால்பக்கம் பார்த்தபடி டெட். அவருக்கு எதிரே ஒரு தம்பதி: இந்தியானா மாநிலத்திலிருந்து வந்த செனட் உறுப்பினர் பர்ச் பாய், அவர் மனைவி மார்வெல்லா. மாநாட்டில் சிறப்புரை ஆற்றவேண்டியவர் பர்ச்.

இந்தத் தம்பதியை மறந்துவிடாதீர்கள். கென்னடிகளைப் போல் பணத்தில் பிறந்தவர்கள் அல்ல. பர்ச் விவசாயி. சோளக்காட்டிலிருந்து அரசியலுக்கு வந்தவர். வயது 36. கல்லூரி நாளில் சிகாகோவில் நடந்த ஒரு பேச்சுப்போட்டியில் கலந்துகொண்டு தோற்றார். ஜெயித்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அதுதான் மார்வெல்லா.

வாஷிங்டனிலிருந்து வெஸ்ட்ஃபீல்டில் உள்ள பார்ன்ஸ் விமான நிலையம் 500 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கிருந்து மாநாட்டு மண்டபம் காரில் கொஞ்ச தூரம்தான். வழியில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை.

சிக்கல் போய்ச்சேர வேண்டிய இடத்தில் காத்திருந்தது.

*

பார்ன்ஸ் நிலையத்தின் மீது மூடுபனி இறங்கியிருந்தது.

பகல் முழுக்கச் சூடு வாங்கிய ஆற்றுப்படுகை நிலம் இரவில் குளிரும்போது, ஈரக்காற்று அப்படியே தரையோடு உறைந்து நிற்கும். கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கோடை இரவுகளில் இது சாதாரணம். மேலே நட்சத்திரம் தெரியும். கீழே ஓடுபாதை தெரியாது. இந்தப் பனியில் இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. நேர் கீழே பார்த்தால் பனிப்படலம் மெலிசு, ஒரு வீட்டு விளக்கோ சாலையோ தெரிந்து தொலைக்கும். தரை பிடிபட்டுவிட்டது என்று நம்பிக்கை வரும். ஆனால் விமானம் போவது நேர் கீழே அல்ல, சாய்வாக முன்னால். அந்தச் சாய்வுப் பார்வையில் பனி பல மடங்கு அடர்த்தி.

கண்ணுக்கு வழியில்லாதபோது விமானி கருவிகளை நம்பி இறங்க வேண்டும். அதற்கு ஒரு எளிய, இரக்கமற்ற விதி இருக்கிறது. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு குறைந்தபட்ச உயரம் வகுத்திருப்பார்கள். அதுவரை இறங்கலாம். அங்கே வந்தும் ஓடுபாதை கண்ணில் படவில்லையா? யோசிக்கக் கூடாது. எஞ்சினுக்கு வேகம் கொடுத்து மேலே ஏறிவிட வேண்டும். வேறு ஊரில் இறங்கி, வாடகைக்கார் பிடித்து, தாமதமாக வந்து, பேசவேண்டியவர்களிடம் வசவு வாங்கிக்கொள்ளலாம். உயிர் இருக்கும்.

சின்ன விமானங்களின் விபத்துக் கதைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். எஞ்சின் கெட்டு விழுபவை ஒரு பக்கம். எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, போய்ச்சேர்ந்தே தீர வேண்டும் என்ற நினைப்பில் விழுபவை இன்னொரு பக்கம். ஆயிரம் பேர் காத்திருக்கும் மண்டபம், ஏற்கெனவே தாமதம், பின்னால் நாட்டுக்கே தெரிந்த இரண்டு அரசியல்வாதிகள். இதெல்லாம் எந்தக் கருவியிலும் முள்ளாகக் காட்டாத எடை. ஜிம்னி அனுபவமுள்ள விமானி. யாரும் அவரை அவசரப்படுத்த வேண்டிய அவசியமே இல்லை, அந்தச் சூழலே போதும் என்பது என் கணிப்பு. அவர் மனதில் என்ன ஓடியது என்பதைச் சொல்ல ஆள் இல்லை. அந்த அளவு விமானங்களில் பதிவுப்பெட்டி எதுவும் கிடையாது.

மணி 11ஐ நெருங்குகிறது. இருக்கை வார் டெட்டின் இடுப்பில் இல்லை. அவர் பாதி எழுந்து, திரும்பி, விமானியின் தோளுக்கு மேலாக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். உயரமானியின் முள் 1,100 அடியிலிருந்து 600க்குச் சரிந்ததைத் தான் பார்த்ததாகப் பின்னாளில் சொன்னார்.

600 அடி என்றால் நிறைய இருக்கிறதே என்று தோன்றும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். உயரமானி காட்டுவது கடல்மட்டத்திலிருந்து உயரம். பார்ன்ஸ் நிலையமே கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 270 அடி மேலே இருக்கிறது. ஆக, ஓடுபாதையைவிட விமானம் 330 அடிதான் உயரம். ஓடுபாதையோ இன்னும் 3 மைல் தள்ளி. வழக்கமான சரிவில் இறங்கும் விமானம் அந்தத் தொலைவில் 800, 900 அடி மேலே மிதந்துகொண்டிருக்க வேண்டும். சவுத்தாம்ப்டன் என்ற அந்த ஊர்ப்பக்கம் நிலமும் சமதளம் அல்ல. மேடு. மேட்டின் மேல் மரங்கள்.

ஜன்னல் வழியாகப் பர்ச் எதையோ கறுப்பாகப் பார்த்தார்.

மர உச்சிகள் விமானத்தின் அடிவயிற்றை உரசின. சில விநாடிகள் விமானம் அந்த உச்சிகளின் மேலேயே வழுக்கிக்கொண்டு போனது. பிறகு ஒரு மரம் நகர மறுத்தது.

*

ஆப்பிள் தோட்டம். இருட்டு. பனி. பெட்ரோல் வாசனை.

முன்பகுதி நசுங்கிப்போயிருந்தது. ஜிம்னி உயிரோடு இல்லை. மாஸ் நினைவிழந்து கிடந்தார். டெட் இரண்டு வரிசை இருக்கைகளுக்கும் நடுவே விழுந்திருந்தார். இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை.

மின்னல் தாக்கிவிட்டது என்றுதான் பர்ச் முதலில் நினைத்தார். கை கால் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, மனைவியை எப்படியோ வெளியே இழுத்தார். உள்ளே குரல் கொடுத்தார். முன்னால் இருந்த இருவரிடமிருந்தும் பதில் இல்லை. டெட்டைக் கூப்பிட்டார். அங்கிருந்தும் பதில் இல்லை.

டெட்டுக்கு அந்தக் குரல் கேட்டது. பதில் சொல்ல வாய் வரவில்லை.

பர்ச்சும் மார்வெல்லாவும் உதவி தேடிச் சாலைப்பக்கம் நடக்கத் தொடங்கினார்கள். உள்ளே கிடந்த மனிதருக்கு அந்தக் காலடிகள் தூரம் போவது எப்படிக் கேட்டிருக்கும்!

சில அடிகள் போனதும் பர்ச் நின்றார். பெட்ரோல் வாசனை மூக்கைத் துளைத்தது. எந்த நிமிடமும் பற்றிக்கொள்ளலாம். இப்படிப்பட்ட நேரத்தில் பெரும்பாலானவர்களின் கால் எந்தப் பக்கம் ஓடும் என்பது நமக்குத் தெரியும். ஓடுவதைக் குற்றம் என்றும் சொல்ல முடியாது. பக்கத்தில் அடிபட்ட மனைவி நிற்கிறாள். உள்ளே இருப்பவர்கள் செத்துவிட்டார்கள் என்பதுபோல்தான் தெரிகிறது.

பர்ச் திரும்பிப் போனார்.

இந்த முறை உள்ளிருந்து சத்தம் வந்தது. தான் உயிரோடு இருப்பதாக டெட் சொன்னார். என் கழுத்தைக் கட்டிக்கொள் என்றார் பர்ச். டெட் சின்ன ஆள் அல்ல. ஆறடிக்கு மேல் உயரம், கல்லூரியில் கால்பந்து விளையாடிய உடம்பு. அந்த உடம்பைச் சோள மூட்டையைத் தூக்குவதுபோல் கையிடுக்கில் தூக்கிக்கொண்டு வந்ததாகப் பர்ச் பின்னாளில் சொன்னார். விவசாயி அல்லவா, அவருக்குத் தெரிந்த எடை அது. பயத்தில் தாய்மார்கள் காரையே தூக்கிய கதைகளைக் கேட்டிருக்கிறேன், எனக்கும் அப்படித்தான் ஏதோ நடந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

விமானம் தீப்பிடிக்கவில்லை. இதை நாம் இப்போது தெரிந்துகொண்டு சொல்கிறோம். அவர் உள்ளே நுழைந்தபோது அது அவருக்குத் தெரியாது.

புல்லில் டெட்டைக் கிடத்திவிட்டுத் தம்பதி சாலைக்கு வந்து கை காட்டினார்கள். கார்கள் வந்தன. நிற்காமல் போயின. நள்ளிரவில், பனியில், சட்டை கிழிந்து நிற்கும் ஆணையும் பெண்ணையும் பார்த்து யார் நிறுத்துவார்கள்? அந்த நாட்டின் சட்டம் இயற்றும் சபை உறுப்பினர் என்று நெற்றியிலா எழுதியிருக்கிறது? கடைசியில் ஒரு வண்டி நின்றது.

அதே நேரம் வெஸ்ட் ஸ்பிரிங்ஃபீல்டில் மண்டபம் இன்னும் கலையவில்லை. வேட்பாளர் வந்துவிடுவார், வந்துவிடுவார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வந்து சேர்ந்தது செய்தி.

*

நார்த்தாம்ப்டன் நகரத்தின் கூலி டிக்கின்சன் மருத்துவமனை. முதுகெலும்பில் முறிவுகள். உடைந்த விலா எலும்புகள். நுரையீரலில் துளை. உள்ளே ரத்தக்கசிவு. டெட் பிழைப்பாரா என்பதற்கே அன்றிரவு யாரும் உறுதி தரவில்லை. பக்கத்தில் இன்னொரு போராட்டம் சீக்கிரமே முடிந்தது. மாஸ் சில மணி நேரத்தில் இறந்துபோனார்.

மனைவி ஜோன் ஓடிவந்தார். அண்ணன் ராபர்ட் கென்னடி ஹயானிஸ் போர்ட்டிலிருந்து இரவோடிரவாகக் காரில் கிளம்பி, விடிவதற்கு முன் வந்து சேர்ந்தார். நவம்பரில் ஒரு சகோதரனைப் புதைத்தவர். ஜூனில் இன்னொருவனின் படுக்கையருகே நிற்கிறார். மேலே இருக்கும் யாருக்கோ எங்களைப் பிடிக்கவில்லை என்று அன்று அவர் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது.

கென்னடிகளுக்குச் சாபம் என்ற பேச்சு அந்த வாக்கியத்தில் ஏறி உட்கார்ந்து இன்றுவரை இறங்கவில்லை. எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. கொஞ்சம் எரிச்சலும் உண்டு. மூத்தவர் ஜோசப் 1944 ஆகஸ்டில் செத்தது, வெடிமருந்து அடைத்த போர் விமானத்தைத் தானே முன்வந்து ஓட்டியதால். அக்கா கேத்லீன் 1948 மே மாதம் பிரான்ஸில் செத்தது, இடிமழை காத்திருக்கிறது, கிளம்ப வேண்டாம் என்று தயங்கிய விமானியை உடன் வந்த பிரபு கிளப்பிவிட்டதால். 1999 ஜூலையில் ஜானின் மகன் மார்த்தாஸ் வினியார்டில் இறங்கப்போன இரவில், கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் உரிமம் அவரிடம் இல்லை. கடல் மேல் புகைமூட்டம். கூட வருகிறேன் என்று ஒரு பயிற்சியாளர் சொல்லியும் அவர் இல்லாமலே கிளம்பினார். மறுநாள் குடும்பத்தில் கல்யாணம். அந்தக் கதைக்கு இந்தத் தொடரின் கடைசியில் வருவோம். ஜோசப்பின் கதை போர்க்களத்துக் கதை. அதை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் அடுக்கிப் பாருங்கள். கேத்லீனுக்கு விடுமுறை, டெட்டுக்கு மாநாடு, சின்ன ஜானுக்குக் கல்யாணம். மூன்றிலும் வானிலை எச்சரித்தது, யாரோ எங்கோ காத்திருந்தார்கள்.

ஜிம்னிக்கும் மாஸுக்கும் எந்தச் சாபமும் இல்லை. சாபக் கதை எழுதியவர்கள் அவர்கள் பெயரை எழுதக்கூட மெனக்கெடவில்லை.

*

இப்போது மருத்துவர்களுக்குள் ஒரு வாக்குவாதம். முதுகெலும்பை அறுவை செய்து சரிப்படுத்துவதா? அல்லது அசையாமல் மாதக்கணக்கில் கிடத்தி, எலும்பு தானாகக் கூட விடுவதா? அறுவை செய்தால் சீக்கிரம் எழுந்து தேர்தலுக்குப் போகலாம். தப்பினால் கால் போகும்.

முடிவெடுத்தது மருத்துவர் அல்ல.

அப்பா ஜோசப் கென்னடியைப் பற்றி இந்தத் தொடரில் நிறைய வாசித்திருக்கிறீர்கள், அதில் நல்லது குறைவு. 1961 டிசம்பரில் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போன கிழவர் அவர். உதட்டில் மிஞ்சியிருந்தது ஏறக்குறைய ஒரே ஒரு சொல்தான்: 'நோ'. மருத்துவர்கள் அறுவைப் பக்கம் சாய்வது தெரிந்ததும் தலையை வேகமாக ஆட்டி, அந்தச் சொல்லையே திரும்பத் திரும்பக் கத்தினார். காரணம் எல்லோருக்கும் புரிந்தது. 1954இல் மகன் ஜானுக்கு முதுகில் கத்தி வைத்தார்கள். பாதிரியாரை அழைக்கும் அளவுக்குப் போய்த் திரும்பினான். அதை அவர் மறக்கவில்லை.

அறுவை கைவிடப்பட்டது. பிற்பாடு டெட் நடந்தாரென்றால் அதில் அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பங்குண்டு.

ஆனால் விலை? பாஸ்டனில் உள்ள நியூ இங்கிலாந்து பாப்டிஸ்ட் மருத்துவமனையில், இரண்டு கித்தான் படுக்கைகளுக்கு நடுவே உடலை இறுக்கிவைக்கும் ஒரு சட்டகம். நாளுக்குச் சில தடவை ஆட்கள் வந்து சட்டகத்தோடு அவரைத் திருப்புவார்கள். கொஞ்ச நேரம் கூரையைப் பார்க்கலாம். கொஞ்ச நேரம் தரையைப் பார்க்கலாம். ஜூனில் படுத்தவர் டிசம்பர் 16 அன்றுதான் எழுந்து வெளியே வந்தார்.

கென்னடி சகோதரர்களில் இளையவரை அதுவரை யாரும் படிப்பாளி என்று சொன்னதில்லை. ஹார்வர்டில் தனக்குப் பதிலாக வேறொருவரை ஸ்பானிஷ் தேர்வு எழுதவைத்து மாட்டிக்கொண்டு வெளியேற்றப்பட்டவர். அந்தப் பையனுக்கு இப்போது ஓட வழியில்லை. படுக்கையருகே பேராசிரியர்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரை இந்தியர்களுக்கு நன்றாகத் தெரியும். நேருவின் தில்லியில் 1963 வரை அமெரிக்கத் தூதராக இருந்த பொருளாதார அறிஞர் ஜான் கென்னத் கால்பிரெய்த். கித்தானில் கட்டுண்டு கிடந்தவருக்கு வரி, வறுமை, பொருளாதாரம் என்று பாடம் நடந்தது. இந்த ஆறு மாதத்தில்தான் டெட் அரசியல்வாதியானார் என்று எழுதுபவர்கள் உண்டு. கொஞ்சம் மிகை. ஆனால் மசோதாவைக் கடைசிப் பக்கம் வரை படிக்கிற வழக்கம் பின்னாளில் அவருக்கு இருந்தது என்பதை எதிரிகளும் ஒப்புக்கொண்டார்கள்.

தேர்தல்? வேட்பாளர் படுத்துக் கிடக்க, ஜோன் ஊர் ஊராகப் போய் வாக்குக் கேட்டார். நவம்பர் 3 அன்று டெட்டுக்கு விழுந்தவை 74 விழுக்காடு. அதே நாளில் நியூயார்க்கில் ராபர்ட்டும் செனட்டுக்கு ஜெயித்தார். தம்பியைப் பார்க்க வந்த ராபர்ட்டிடம், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், உங்கள் நிழல் டெட் மேல் விழுகிறது என்றாராம் ஒரு புகைப்படக்காரர். வாஷிங்டனிலும் அப்படித்தான் இருக்கப்போகிறது என்றாராம் படுத்திருந்தவர்.

1965 ஜனவரியில் முதுகில் இறுக்குப்பட்டையோடு சபைக்குத் திரும்பினார். அங்கே அவருக்காக ஒரு வேலை காத்திருந்தது. எந்த நாட்டுக்காரன் எத்தனை பேர் அமெரிக்காவுக்குள் வரலாம் என்று பிறப்பைப் பார்த்து அளந்த பழைய குடியேற்றச் சட்டத்தை மாற்றும் மசோதா. அந்த அளவுகோலில் இந்தியாவுக்கு ஒதுக்கீடு எவ்வளவு தெரியுமா? ஆண்டுக்கு 100 பேர். மசோதாவைச் செனட்டில் முன்நின்று நடத்திக்கொடுத்தவர் டெட். 76க்கு 18 என்று அது நிறைவேறியது. அக்டோபர் 3 அன்று, நியூயார்க் துறைமுகத்தில் சுதந்திரதேவி சிலையின் கீழே அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார். கிண்டியிலும் கோவையிலும் படித்துவிட்டு நியூஜெர்சிக்கும் டெக்சஸுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் போய்க் கோயில் கட்டி, இட்லிக்கடை வைத்து, பேரன் பேத்தி எடுத்துவிட்ட எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே போயின. டெட் அந்தத் தோட்டத்தில் செத்திருந்தால் சட்டம் வந்தே இருக்காது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஜான்சனுக்கு அன்று சபையில் இருந்த பெரும்பான்மைக்கு யாராவது ஒருவர் கிடைத்திருப்பார்.

பர்ச் பாய் என்ன ஆனார்? ஜானைச் சாய்த்த டல்லாஸ் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பிறகு அவரை ஒரு கேள்வி பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. அதிபர் சாகாமல், நினைவிழந்து கிடந்தால் நாட்டை யார் நடத்துவது? அரசியல் சட்டத்தில் தெளிவான பதில் இல்லை. விபத்து நடந்தபோதே அதற்கான திருத்தத்தில்தான் அவர் மூழ்கியிருந்தார். 1967இல் அது 25ஆவது திருத்தமாக ஏற்கப்பட்டது. பதினெட்டு வயதில் வாக்குரிமை தந்த 26ஆவது திருத்தமும் அவர் முயற்சிதான். இவ்வளவு செய்தவரைப் பார்க்கிற இடத்திலெல்லாம் மக்கள் கேட்டது ஆப்பிள் தோட்டத்தைப் பற்றி. 2019இல் 91 வயதில் அவர் இறந்தபோது எழுதிய இரங்கல்களிலும் அந்த இரவு இருந்தது.

டெட்டுக்கோ முதுகுவலி சாகும்வரை கூடவே இருந்தது.

சரி. கதை ஐந்து ஆண்டுகள் தாண்டட்டும்.

1969 ஜூலை 18. மறுபடி வெள்ளிக்கிழமை. மறுபடி இரவு. ராபர்ட்டும் சுடப்பட்டுப் போய்ச்சேர்ந்து ஓராண்டு ஆகிவிட்டது. நான்கு சகோதரர்களில் மிச்சம் டெட் ஒருவர்தான். மார்த்தாஸ் வினியார்டை ஒட்டியுள்ள சப்பாக்விடிக் என்ற குட்டித் தீவில் ஒரு விருந்து முடிந்து, அவர் காரை ஓட்டிக்கொண்டு கிளம்புகிறார். பக்கத்து இருக்கையில் ராபர்ட்டின் தேர்தல் அலுவலகத்தில் வேலை பார்த்த இளம்பெண், மேரி ஜோ கோபெக்னி. வயது 28. மண்சாலை. கைப்பிடி இல்லாத மரப்பாலம்.

கார் தலைகீழாகத் தண்ணீருக்குள் கவிழ்ந்தது.

டெட் வெளியே வந்துவிட்டார். மேரி ஜோ வரவில்லை. பலமுறை முங்கி முங்கிப் பார்த்தேன் என்று அவர் பின்னால் சொன்னார். பாலத்துக்கு அருகிலேயே ஆள் குடியிருக்கும் வீடு இருந்தது. அவர் அந்தக் கதவைத் தட்டவில்லை. விருந்து நடந்த வீட்டை நோக்கி நடந்தார். போலீஸ் நிலையத்துக்கு அவர் போய்ச்சேர்ந்தபோது மறுநாள் காலை 10 மணியை நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் வேறு யாரோ காரைக் கண்டுபிடித்துவிட்டிருந்தார்கள்.

ஏறத்தாழ பத்து மணி நேரம். அந்த நேரத்தில் எட்வர்ட் கென்னடி எங்கே இருந்தார்? யாரிடம் பேசினார்?

(தொடரும்)